மன்றமும் புறம்போக்கும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுவெளியின் வரலாறு



நகர் மன்றம், நீதிமன்றம், மொழி மன்றம் என்று நாம் நாள்தோறும் கூறுகின்றோம். இச்சொற்கள் இன்று நம் மனத்தில் கட்டடங்களையும் அவற்றுள் அமர்ந்திருக்கும் அலுவலர்களையும் தோற்றுவிக்கின்றன. சங்க நூல்களில் மன்றம் என்பது கட்டடம் அன்று. ஊரின் நடுவே மரநிழலில் எல்லார்க்கும் பொதுவாக அமைந்த திறந்தவெளியே மன்றம். ஊரார் அங்கே கூடினர், ஆடினர், வழக்குகளைத் தீர்த்துக் கொண்டனர். இடத்தைக் குறித்த சொல் பின்னர் அவ்விடத்தில் கூடியவர்களைக் குறித்தது. அதன்பின் அவர்கள் கூடிய கட்டடத்தைக் குறித்தது. சொல் நிலைத்தது; வெளி மறைந்தது.

இன்னொரு சொல்லையும் இதனோடு வைத்து எண்ணுதல் வேண்டும். அது புறம்போக்கு. தமிழகத்து நிலவரி ஆவணங்களில் வரிவிதிப்புக்குப் புறம்பாக ஊரின் பொதுப் பயனுக்கென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. மேய்ச்சற் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என அதன் வகைகள் பல. மலேசியத் தமிழிலோ அச்சொல் உரிமமின்றிக் குடியேறியோரின் குடியிருப்பைக் குறிப்பதாயிற்று. பொதுநிலத்தின் பெயர் நிலமற்றவரின் பெயராக மாறிற்று.

இவ்விரு சொற்களுக்கு நேர்ந்தது போன்றதொரு மாற்றம் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நிலத்துக்கே நேர்ந்துள்ளது. அதன் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

1. முதல் திடல்களும் பூங்காவும்

சிலாங்கூரின் ஆட்சித் தலைநகர் 1880ஆம் ஆண்டு கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டே, 1881ஆம் ஆண்டில், அந்நகர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிவுற்றது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டும் முறை அதன்பின் வலியுறுத்தப்பட்டது. நகருக்குத் தெற்கே செங்கற்சூளைகள் பெருகிய பகுதி பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. நகர அமைப்பில் ஆட்சியாளர் முதன்முதலில் கருத்தூன்றியது தீத்தடுப்புக்காகவே. மக்கள் கூடுவதற்கான வெளியை முன்னிட்டு அன்று.

வெளி என்பது வேறொரு நோக்கத்தோடு வந்தது. கிள்ளான் ஆற்றின் கரையில் காவல்துறையினர் அணிவகுத்த திடல் இருந்தது. அதன் அருகே 1884ஆம் ஆண்டு சிலாங்கூர் கிளப் தோன்றிய பின் அது கிரிக்கெட் திடலும் ஆயிற்று. அரசின் கருவூல அதிகாரியாக இருந்த ஆல்பிரட் வென்னிங் என்பவர் 1888ஆம் ஆண்டு ஒரு பூங்கா அமைக்கக் கருத்துரைத்தார். சிற்றோடை ஒன்றை அணையிட்டுத் தடுத்து ஏரியாக்கி, சுற்றியிருந்த ஏறத்தாழ 173 ஏக்கர் நிலத்தைப் பண்படுத்தி உருவாக்கப்பட்ட ஏரிப் பூங்கா 1889ஆம் ஆண்டு மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. நகரத் துப்புரவு வாரியம் அமைந்தது அதற்கு அடுத்த ஆண்டிலேதான். நகராட்சி பிறக்கும் முன்பே பூங்கா பிறந்துவிட்டது.

ஆயினும் அப்பூங்கா யாருக்காக அமைந்தது என்பது வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா. அதன் மேடுகளில் அமைந்தவை உயர் அதிகாரிகளின் இல்லங்கள். ஐரோப்பியருக்கென 1890ஆம் ஆண்டு அங்கே லேக் கிளப் தோன்றியது. இருப்புப்பாதையிலும் சாலையிலும் உழைத்த தமிழருக்கும் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனருக்கும் அப்பூங்கா எட்டும் தொலைவிலேயே இருந்தது. ஆனால் அவர்களை எண்ணி அமைக்கப்பட்டதன்று. எனினும், ஒருமுறை பொதுவெளியாகக் குறிக்கப்பட்ட நிலம் தன்னை அமைத்தோரின் எண்ணத்தையும் கடந்து வாழும். ஆட்சி மாறியபோது அந்தக் கிரிக்கெட் திடலிலேயே, 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில், பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாவின் கொடி ஏறிற்று. ஏரிப் பூங்காவும் எல்லா இனத்தாரும் உலாவும் இடமாயிற்று.

2. பிரிக்பீல்ட்ஸ்: இருப்புப்பாதையின் நிலம்

கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்த இருப்புப்பாதை 1886ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிற்று. அதனைச் சார்ந்து பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. யாழ்ப்பாணத் தமிழ் எழுத்தர்களும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் அங்கே குடியேறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கெனக் கட்டப்பட்ட வரிசை வீடுகள் 'நூறு குவாட்டர்ஸ்' என வழங்கப்பட்டன. கந்தசுவாமி கோயிலும் 1904ஆம் ஆண்டின் விவேகானந்த ஆசிரமமும் பௌத்த மகா விகாரையும் தேவாலயங்களும் ஒரே வட்டாரத்தில் எழுந்தன.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் வெளிக்குக் குறைவிருக்கவில்லை. வண்டிகள் பிரித்துச் சேர்க்கப்படும் பரந்த இருப்புப்பாதை முற்றமும், வீடுகளுக்கு இடையே புல்வெளிகளும் இருந்தன. ஆனால் அவை அரசின் இருப்புப்பாதைத் துறைக்கு உரியவை. நகர மக்களுக்கெனக் குறிக்கப்பட்டவை அல்ல. ஆகவே, 72 ஏக்கர் பரப்புள்ள அம்முற்றம் பின்னாளில் கேஎல் சென்ட்ரல் எனும் பெரும் வணிக வளாகமாக மாறியபோது, 'எங்கள் பொதுவெளியை இழந்தோம்' என்று சட்டப்படி கூறத்தக்கவர் எவரும் இல்லை. 2001ஆம் ஆண்டு நிலையம் திறக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா' எனத் திறப்புவிழாக் கண்டது. வளைவுகளும் விளக்குகளும் வந்தன. தெருவே மக்களுக்குத் திடலாயிற்று.

3. சார்லஸ் ரீடும் தோட்ட நகரக் கொள்கையும்

நிலப் பயன்பாட்டை முன்கூட்டியே வகுத்துக் குறிக்கும் முறை மலாயாவுக்கு 1921ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு நியூசிலாந்தில் பிறந்தவரும் தென் ஆஸ்திரேலியாவில் நகரத் திட்டப் பணியாற்றியவருமான சார்லஸ் ரீட், கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு நகரத் திட்ட அதிகாரியாகப் பொறுப்பேற்றார். எபெனேசர் ஹோவர்டு 1898ஆம் ஆண்டு முன்வைத்த தோட்ட நகரக் கொள்கையில் ஊறியவர் ரீட். வீடு கட்டிய பின் எஞ்சும் துண்டு நிலத்தைத் திடல் என்று அழைத்தல் ஆகாது. திடலை முதலில் குறித்துவிட்டு வீட்டை அதற்கேற்ப அமைத்தல் வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம்.

அவர் முயற்சியால் 1923ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் நில உரிமையாளரும் அதிகாரிகளுள் ஒரு சாராரும் அதனை விரும்பவில்லை. பின்னர் அச்சட்டம் நீக்கப்பட்டு, அதன் பகுதிகள் துப்புரவு வாரியச் சட்டத்துள் அடக்கப்பட்டன. சில ஆண்டுகளில் ரீட் ஆப்பிரிக்காவுக்குச் சென்றுவிட்டார். நகரத் திட்டம் துறையாக நிலைத்தது. அதன் உயிர்க்கருத்து ஒடுங்கிற்று. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கோலாலம்பூரை மூழ்கடித்தது. 1971ஆம் ஆண்டு சனவரியில் மீண்டும் அவ்வாறே நேர்ந்தது. நீர் தங்குவதற்கும் நிலம் வேண்டும் என்ற பாடத்தை இவ்வாற்றுப் பள்ளத்தாக்கு மீண்டும் மீண்டும் கற்பித்திருக்கின்றது.

4. தோட்டத்துத் திடல்

நகரில் இவ்வாறு திட்டங்கள் எழுந்தும் வீழ்ந்தும் கொண்டிருந்த காலத்தில், தமிழருள் பெரும்பாலோர் வாழ்ந்தது ரப்பர்த் தோட்டங்களில். லயம், கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, இடுகாடு, நடுவே ஒரு திடல் என்பது தோட்டத்தின் அமைப்பு. அத்திடலிலே மாலையில் பந்தாட்டம் நடந்தது. திருவிழாவில் கூத்து நடந்தது. திரைகட்டிப் படம் காட்டப்பட்டது. தொழிற்சங்கக் கூட்டமும் கூடிற்று. சங்க கால மன்றம் போன்றதொன்று இந்நாட்டில் தமிழருக்கு இருந்தது என்றால் அது தோட்டத்துத் திடலே.

ஆனால் அது சட்டத்தின் கண்ணில் மன்றம் அன்று. தோட்ட நிறுவனத்தின் ஒரே நிலப்பட்டாவுக்குள் பால்மரமும் லயமும் கோயிலும் திடலும் அடங்கியிருந்தன. தோட்டம் விற்கப்பட்டபோது அனைத்தும் ஒருங்கே விற்கப்பட்டன. எப்பிங்காம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் 1950களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலாம் எழுந்தது. புதிய நகரின் வரைபடத்தில் புதிய திடல்கள் குறிக்கப்பட்டன. பழைய திடல்களின் பெயர்கூட எஞ்சவில்லை. கோயிலுக்கும் பள்ளிக்கும் தனிப்பட்டா இல்லாமையால் நேர்ந்த இடர்களை நாம் அறிவோம். திடலுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

பெயரில் மட்டும் சில நினைவுகள் உள்ளன. கிள்ளான் நகரில் 'பாடாங் செட்டி' எனப்படும் திடல் ஒன்று உண்டு. ஒரு காலத்து வணிகச் சமூகத்தின் பெயரை ஒரு பொதுத் திடல் இன்றும் தாங்கி நிற்பது அருமையான செய்தி.

5. வெளி எவ்வாறு சட்டப்படி பொதுவாகின்றது?

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் பயிலுதல் நன்று. ஏனெனில், பார்வைக்குத் திடலாக இருப்பதும் சட்டத்தில் திடலாக இருப்பதும் ஒன்றல்ல.

முதலாவது, நில ஒதுக்கீடு. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 62ஆம் பிரிவின்படி, அரசு நிலத்தைப் பொது நோக்கத்துக்கென ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கலாம். அவ்வாறு அறிவித்த நிலத்தின் ஒதுக்கீட்டை நீக்குவதற்கு, 64ஆம் பிரிவின்படி, முன்கூட்டியே அறிவித்து விசாரணை நடத்துதல் வேண்டும். இதுவே உறுதியான காவல்.

இரண்டாவது, திட்டம். சிலாங்கூர் முதலிய மாநிலங்களுக்கு 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டம் உரியது. கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டச் சட்டம் உரியது. இவற்றின்கீழ் வகுக்கப்படும் கட்டமைப்புத் திட்டம் நகரின் கொள்கையைக் கூறும். உள்ளூர்த் திட்டம் ஒவ்வொரு நிலத்துண்டும் எதற்கென்று வரைபடத்தில் காட்டும்.

மூன்றாவது, மேம்பாட்டு அனுமதி. புதிய குடியிருப்பு அமைப்போர் நிலத்தில் குறைந்தது 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விடுதல் வேண்டும் என்பது வழக்கமான விதி. நகர மக்கள் 1,000 பேருக்கு 2 ஹெக்டர் திறந்தவெளி என்பது நாட்டின் குறியளவு.

இம்மூன்று காவல்களுக்கும் இடையே சந்துகள் உண்டு. வரைபடத்தில் பச்சை நிறம் பூசப்பட்டிருந்தும் அரசிதழில் ஒதுக்கப்படாத நிலத்தைத் தனியார்க்கு வழங்கிவிட முடியும். கோலாலம்பூரின் உள்ளூர்த் திட்ட வரைவு 2008ஆம் ஆண்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அரசிதழில் வெளியானதோ 2018ஆம் ஆண்டு அக்டோபரில். இடைப்பட்ட பத்தாண்டுகள் நகரம் முடிவுற்ற உள்ளூர்த் திட்டம் இன்றியே மிகவேகமாக வளர்ந்தது.

மற்றொன்றும் உண்டு. மேம்பாட்டு விண்ணப்பத்துக்கு மறுப்புக் கூறும் உரிமையை விதிகள் பெரும்பாலும் அடுத்துள்ள நிலத்தின் உரிமையாளர்க்கே வழங்குகின்றன. நிலம் உடையவனுக்குக் குரல் உண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தும் பட்டா இல்லாதவனுக்கு அக்குரல் இல்லை.

6. புக்கிட் கியாரா

இவை அனைத்தும் ஒருங்கே வெளிப்பட்ட இடம் புக்கிட் கியாரா. கோலாலம்பூரின் மேற்கே இருந்த இத்தோட்டத்தின் ஒரு பகுதி 1970களில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாயிற்று. எஞ்சிய பெரும்பகுதியை 1980ஆம் ஆண்டளவில் அரசு பொது நோக்கத்துக்கெனக் கையகப்படுத்தியது. அத்தோட்டத்தில் பால்வெட்டிய ஏறத்தாழ 100 குடும்பத்தினர் 1980களின் தொடக்கத்தில் தற்காலிகமாக நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். நிலையான வீடு வழங்கப்படும் என்று அவர்களுக்கு உறுதி கூறப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வாழ்ந்த குன்றில் பின்னாளில் கோல்ப் திடலும் குதிரையேற்றத் திடலும் அமைந்தன. தாமான் ரிம்பா கியாரா எனும் ஏறத்தாழ 25 ஏக்கர் பூங்காவும் அமைந்தது. நிலையான வீடு மட்டும் அமையவில்லை. தற்காலிக வீடு நாற்பதாண்டு நீடித்தது.

2017ஆம் ஆண்டு இப்பூங்காப் பகுதியின் 12 ஏக்கரில் 42 முதல் 54 மாடி வரை உயர்ந்த எட்டு அடுக்குமாடிக் கோபுரங்களை எழுப்பக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி வழங்கியது. நீண்ட வீட்டு மக்களுக்கும் மற்றவர்க்கும் 29 மாடிகளில் மலிவு வீடுகள் கட்டித்தருவதும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தது. கோலாலம்பூர்க் கட்டமைப்புத் திட்டமோ அந்நிலத்தைப் பொதுப் பூங்காவாகக் காட்டியது.

இங்கேதான் இவ்வழக்கின் நெஞ்சை உறுத்தும் கூறு உள்ளது. பூங்கா வேண்டுவோரும் வீடு வேண்டுவோரும் எதிரெதிராக நிறுத்தப்பட்டனர். 'ஏழைத் தொழிலாளிக்கு வீடு கொடுக்க விடாமல் வசதி படைத்தோர் தம் பூங்காவைக் காக்கின்றனர்' என்று ஒரு வாதம் எழுந்தது. அது கேட்போரைத் தயங்கச் செய்யும் வாதமே. ஆனால் அவ்வட்டாரக் குடியிருப்பாளர் கூறியது வேறு. நீண்ட வீடுகள் இருக்கும் இடத்திலேயே அக்குடும்பங்களுக்கு நிலையான வீடு கட்டித்தருவதை அவர்கள் எதிர்க்கவில்லை; ஆதரித்தனர். நூறு குடும்பங்களின் வீட்டுக்குப் பன்னிரண்டு ஏக்கரும் எட்டுக் கோபுரங்களும் எதற்கு என்பதே அவர்களின் வினா.

குடியிருப்பாளர் நீதிமன்றத்தை நாடினர். 2018ஆம் ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அவர்களின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை நீக்கித் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அத்தீர்ப்பின் கருத்துகள் மூன்றை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். கட்டமைப்புத் திட்டம் வெறும் அறிவுரை அன்று. சட்ட வலிமை உடையது. டத்தோ பண்டார் அதிலிருந்து விலகுவதாயின் தக்க காரணத்தை எடுத்துரைத்தல் வேண்டும். சுற்றி வாழ்வோருக்கு நீதி கோரும் தகுதி உண்டு. நிலத்தைப் பெற்றிருந்த அறநிறுவனத்தின் பொறுப்பாளர் குழுவில் அனுமதி வழங்கிய டத்தோ பண்டாரும் இடம்பெற்றிருந்த முரண்பாட்டையும் நீதிமன்றம் கண்டித்தது.

பூங்கா காப்பாற்றப்பட்டது, அது மகிழத்தக்க வெற்றி. ஆனால் தீர்ப்பு வீடு கட்டித் தராது. நிலத்தைப் பொது நோக்கத்துக்கெனக் கையகப்படுத்தியபோது அந்நிலத்தில் உழைத்தவரின் வீடும் அப்பொது நோக்கத்தின் ஒரு பகுதியே என்று ஒரு கோடு வரைபடத்தில் வரையப்பட்டிருக்குமாயின், இவ்வழக்கே எழுந்திராது. திறந்தவெளியைக் குறிக்காத திட்டம் குறையுடையது. அங்கு வாழ்வோரைக் குறிக்காத திட்டமும் அவ்வாறே.

7. நாம் செய்யத்தக்கது

பிரிக்பீல்ட்ஸின் விவேகானந்த ஆசிரமம் இதற்கு ஒப்புநோக்கத்தக்க சான்று. அவ்வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014ஆம் ஆண்டு வெளிப்பட்டபோது பொதுமக்கள் எதிர்த்தனர். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டத்தின்கீழ் அது 2016ஆம் ஆண்டு மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் ரிம்பா கியாராவிலும் காத்தது உணர்ச்சி மட்டும் அன்று; உணர்ச்சி ஓர் ஆவணத்தைப் பற்றிக்கொண்டது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள ஒரு கல் தொலைவில் எத்தனை திடல்கள் உள்ளன என்று மாணவரைக் கணக்கிடச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் உள்ளூர்த் திட்டத்தில் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது, அரசிதழில் ஒதுக்கப்பட்டுள்ளதா, பட்டா யார் பெயரில் உள்ளது என்று தேடச் செய்யுங்கள். பள்ளித் திடலின் நிலையையும் அவ்வாறே ஆராயுங்கள். தோட்டத்திலிருந்து வந்த முதியோரிடம் அவர்தம் திடல் எங்கே இருந்தது என்று கேட்டு, இன்றைய வரைபடத்தில் அவ்விடத்தைக் குறித்து வையுங்கள். கிள்ளான் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாநகரத் தகுதி பெற்றுள்ளது; கோலாலம்பூரின் 2040ஆம் ஆண்டுக்கான உள்ளூர்த் திட்டமும் நடப்புக்கு வந்துள்ளது. திட்ட வரைவுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் அவற்றைப் படித்துக் கருத்துரைக்கும் தமிழர் எத்தனை பேர்? அக்கருத்தை மலாயில் எழுதி அளிக்கும் திறனும், அதன் பொருளைத் தமிழில் பெற்றோர்க்கு விளக்கும் திறனும் நம் மாணவர்க்கு வேண்டும். இதுவும் மொழிப்பணியே.

மன்றம் என்ற சொல்லை நாம் இழக்கவில்லை. அச்சொல் முதலில் குறித்த வெளியை நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது வரைபடத்தைப் படிக்கக் கற்ற தலைமுறையால்தான் இயலும்.